ஞானமக்கா கேட்ட கடிதம்

செவ்வாய்க்கிழமை காலை, கிளினிக்கில் ஒரு முதியவரின் காதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது தொலைபேசி வந்தது. ரானுயிப் பகுதியில் இருந்த ஞானமக்கா காலமாகிவிட்டார். கேட்டுவிட்டு வந்து, எந்தக் காதில் நோவு என்று அந்த மனிதரிடமே திரும்பக் கேட்டேன். அவர் பயந்துபோனார். அன்று முழுக்க எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. இன்றும்தான்.

இதை வாசிக்கும் உங்களில் பலருக்கு அவர் மன்னாரிலிருந்து இந்த நாட்டுக்கு வந்த நேர்ஸ். மேசை கதிரை செய்யும் தளபாடத் தொழிற்சாலையில் முதலுதவி அறை அவருடைய ஆட்சி. என்னைவிட நான்கு வயது இளையவர். ஆனாலும் எல்லோரையும்போல நானும் அக்கா என்றே அழைத்தேன். அவருடன் வாதாடி ஒருமுறையாவது வென்றவர்கள் இருந்தால் சொல்லுங்கள், பார்ப்போம்.

எங்கள் முதல் சண்டை கட்டணத்தில்தான். இங்கே வேலையில் காயப்பட்டால், மருத்துவர் படிவம் நிரப்பி அனுப்ப அரசு ஒரு பங்கு தரும், மிச்சம் நோயாளியுடையது. அந்த மிச்சத்தைக் குறைக்கச் சொல்லி பிளாக்ஹவுஸ் பே பகுதியில் இருந்த என் கிளினிக்குக்கு வந்தார். "முதல் தரம் வாறதுக்கு வாங்குங்கோ டொக்டர். கட்டு மாத்திறதுக்கும் தையல் வெட்டிறதுக்கும் வாங்காதேங்கோ. காசுக்குப் பயந்து சனம் அழுக்குக் கட்டோட திரியுது." முடியாது என்றேன். மறுநாள் அப்படி ஒரு கட்டோடு ஒருவரைக் கூட்டிவந்து என் முன்னால் இருத்தினார். சீழ் மணம் தாங்க முடியவில்லை. சம்மதித்துவிட்டேன்.

அந்நாளில் தமிழ் ஆட்களிடம் மட்டும் நான் எதுவுமே வாங்குவதில்லை. எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு எல்லாவற்றையும் விட்டு வந்த சனம். எங்கட ஆட்களிடம் காசு வாங்குவதா? அதில் எனக்கு ஒரு பெருமையும் இருந்தது. வீட்டுக்கே வரச்சொல்வேன். அப்படித்தான் அந்தத் தொழிற்சாலையில் வேலை செய்த பாலன் ஒரு சனிக்கிழமை பின்கதவால் வந்தார். இரண்டு விரல்களை மரமறுக்கும் வாள் கிழித்திருந்தது. குசினியில், சமையல் மேசையில் வைத்துத் தைத்து, தேத்தண்ணி கொடுத்து அனுப்பினேன். காசு வாங்கவில்லை. அதனால் படிவமும் நிரப்பவில்லை.

விரல்கள் மடங்காமல் விறைத்துப்போயின. வேலையும் போயிற்று. இழப்பீட்டு அலுவலகம், வேலையில் காயம் பட்டதற்குப் பதிவு எங்கே என்று கேட்டது.

ஞானமக்கா வந்தார், உட்காரவில்லை. "உங்கட தர்மத்தால அவன்ர வீட்டில அடுப்பு எரியேல்லை. படிவம் இல்லையெண்டால் காயமே இல்லையாம்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "உதவி செய்தவனுக்கு இதுவோ மரியாதை?" என்று கத்தினேன்.

"இனி எங்கட ஆக்களிட்டயும் வாங்குங்கோ. எல்லாருக்கும் எழுதிற மாதிரி எழுதுங்கோ. இப்ப, நடந்ததை நடந்தபடி ஒரு கடிதமா எழுதித் தாங்கோ."

காசு வாங்கச் சொல்லி மருத்துவரோடு மல்லுக்கட்டிய ஒருவரை அன்றுதான் கண்டேன். ஆனால் கடிதம்? குசினியில் தைத்தேன், குறிப்பெதுவும் வைக்கவில்லை என்று என் கையாலேயே எழுதினால் என் தொழில் என்னாவது? வீட்டு மோர்ட்கேஜ் கடன் கழுத்தில் தொங்கியது. எழுதினேன், கிழித்தேன். த்ரீ கிங்ஸ் பகுதிக் கடையில் அவரைத் தூரத்தில் கண்டு மாவுப் பைகள் அடுக்கிய தட்டுக்குப் பின்னால் ஒளிந்தேன். வெட்கக்கேடு!

ஒவ்வொரு வெள்ளியும் வந்தார். "எழுதியாச்சோ டொக்டர்?" இல்லை என்பேன். "சரி" என்று போய்விடுவார். திட்டிப் பேசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். நான்காவது வெள்ளி கொடுத்தேன். பாலனுக்கு இழப்பீடு கிடைத்தது. என் தொழிலுக்கு ஒன்றும் ஆகவில்லை. மருத்துவச் சபையிடமிருந்து ஒரு கண்டிப்பு, அவ்வளவுதான்.

ஞானமக்காவின் அடக்கம் முடிந்ததும் பாலன் வந்து என் கையைப் பிடித்தார். மடங்காத அந்த இரண்டு விரல்களும் என் உள்ளங்கையில் குத்தின. "அக்கா அப்பவே சொன்னவ டொக்டர், கேட்ட அண்டைக்கே நீங்கள் எழுதித் தந்திட்டீங்களாம். இழப்பீட்டுக் கந்தோர்க்காரர்தான் இழுத்தடிச்சவையாம். அந்த மூண்டு கிழமையும் அவதான் எங்களுக்குச் சமைச்சுக் கொண்டுவந்து தந்தவ."

அந்த நன்றியை வாங்கிக்கொண்டேன். அவருடைய மனைவி என்னைக் கும்பிட்டார். அதையும் வாங்கிக்கொண்டு நின்றேன்.

ஞானமக்கா எனக்காகச் சொன்ன அந்தப் பொய்தான் அவருடையதாக என்னிடம் மிஞ்சியிருக்கிறது. என்னால் அதை வைத்திருக்க முடியவில்லை. பாலன், இதை நீங்களும் வாசிப்பீர்கள். இழுத்தடித்தது கந்தோர் அல்ல, நான்.