ஆபீஸ் புத்தகத்தில் ஒரு வயது

என் மூத்த மகளுக்கு ஒரு வயது இரண்டு தடவை முடிந்தது. முதல் தடவை தோட்டத்து ஆபீஸ் புத்தகத்தில், மார்கழி மாதம். இரண்டாவது தடவை நிஜமாகவே, மாசியில். நடுவில் இருந்த இரண்டு மாதத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. யார் மேல் எரிவது என்றுதான் தெரியவில்லை. அதில் என் பங்கும் இருந்தது.

எழுபதுகளின் தொடக்கம் அது. இலங்கை மலைநாட்டில், லுணுகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தேன். அரிசிக்கு எல்லாரும் பேயாய் அலைந்த காலம். காலையில் ரொட்டி, மத்தியானம் ரொட்டி, ராத்திரிக்கும் அதே மாவு. சங்கக் கடையில் கூப்பன் புத்தகத்தை நீட்டினால்தான் அரிசி கிடைக்கும். கைப்பிள்ளைக்கு அதுவும் இல்லை, ஒரு வயது முடிந்த பிறகுதான் அதன் பேரில் அரிசி. அதனால் நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளில் ஒரு வழக்கம் இருந்தது. பிள்ளை பிறந்ததைப் பதியப் போகிறவர்கள் ஒரு மாதம், ஒன்றரை மாதம் முன்னால் தள்ளிச் சொல்லிவிட்டு வருவார்கள். லயத்துக்கே தெரியும், ஆபீசுக்கு மட்டும் தெரியாது.

என் மாமனார் அந்த விஷயத்தில் யாருக்கும் சளைத்தவர் அல்ல. முப்பதாம் நாள் தீட்டுக் கழித்த மறுநாள் சட்டையை மாட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போனார். மாசியில் பிறந்தவளை மார்கழியில் பிறக்க வைத்துவிட்டுத் திரும்பி வந்தார்.

“ரெண்டு மாசம் முன்னாடியே அரிசி வந்துரும் தாயி,” என்று முன்பக்க இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து சிரித்தார். நானும் சும்மா இருந்தேனா? “இன்னும் ஒரு மாசம் சேத்துச் சொல்லியிருக்கலாமே மாமா,” என்றேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். என் வீட்டுக்காரரும் சிரித்தார். நானும்தான்.

பிறகு வந்தது வினை. நான் வேலைக்குப் போகும்போது பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டுப் போவேன். மலைக்குப் போகிற பெண்களின் குழந்தைகளையெல்லாம் ஓர் ஆயாம்மா வைத்துப் பார்த்துக்கொள்ளும் நீளக் கட்டடம் அது. மாதம் ஒரு தடவை மருந்துக்கார ஐயா அங்கே வந்து பிள்ளைகளைத் தராசில் தொங்கவிட்டு நிறுப்பார். என் மகளை நிறுத்துப் புத்தகத்தைப் பார்ப்பார். பார்த்த உடனே என்மேல் பாய்வார்.

“ஆறு மாசம் ஆச்சு, இன்னும் தலை நேரா நிக்கல. என்னம்மா பால் குடுக்குற நீ?”

நிஜத்தில் அவளுக்கு நாலு மாதம். நாலு மாதத்துக்கு அவள் தலை நன்றாகவே நின்றது. அதைச் சொல்ல முடியுமா? வாயை மூடிக்கொண்டு திட்டு வாங்கினேன். குப்புற விழுந்தபோதும் திட்டு, உட்கார்ந்தபோதும் திட்டு. என் பிள்ளை எது செய்தாலும் ஆபீஸ் புத்தகத்தில் இரண்டு மாதம் பிந்திப்போயிற்று. ஒரு தடவை என் கையில் மீன் எண்ணெய்ப் போத்தலைத் திணித்து, “புள்ளய வளக்கத் தெரியாதவங்கல்லாம் எதுக்கு புள்ள பெத்துக்கிறீங்க?” என்று கேட்டார். நான் அந்தப் போத்தலைக் கொண்டுபோய் மாமனாரின் முன்னால் டங்கென்று வைத்தேன். அவர் அதை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். 

அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். மார்கழியில் நடந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை.

பால் குடிக்கிற பிள்ளை இருக்கிற பெண்களைப் பத்து மணிக்கு மலையை விட்டு இறங்க விடுவார்கள். பிள்ளைக்காம்பராவுக்கு ஓடிப்போய்ப் பால் கொடுத்துவிட்டு ஓடி வர வேண்டும். பிள்ளைக்கு ஒரு வயது ஆகும்வரைதான் அது. அந்த நேரம் ஒன்றுதான் வெளிச்சத்தில் நான் என் பிள்ளையின் முகத்தைப் பார்க்கிற நேரம். விடியுமுன்னே தூக்கத்தில் தூக்கிக்கொண்டு போய் விடுவேன். சாயந்தரம் கொழுந்து நிறுத்துவிட்டுப் போய் எடுக்கும்போது அவள் பாதித் தூக்கத்தில் இருப்பாள்.

மார்கழியில், அட்டை காலைக் கடிக்கிற மழை நாள் ஒன்றில், பத்து மணிக்கு நான் கூடையை இறக்கினேன். வேலையை மேற்பார்க்கிற கங்காணி கூப்பிட்டார்.

“தாயி, நீ எங்க போற? உன் புள்ளைக்கு வயசு முடிஞ்சிருச்சு.”

“என்ன கங்காணி ஐயா வெளையாடுறீங்களா? பத்து மாசந்தானே ஆச்சு! உங்களுக்குத் தெரியாதா?”

“எனக்குத் தெரியும். ஆபீஸ்லேருந்து லிஸ்டு வந்திருக்கே, நான் என்ன செய்ய?”

பக்கத்து நிரையில் நின்ற பெண்கள் களுக்கென்று சிரித்தார்கள். எனக்கு வந்த கோபத்தில் ஒன்றும் ஓடவில்லை. “செக்ரோல் புத்தகத்த எடுத்துப் பாக்கச் சொல்லுங்க. போன மார்கழி பூரா நான் மலையில வேலைக்குப் பேர் போட்டிருக்கேன். புள்ளய பெத்துக்கிட்டேவா கொழுந்து எடுத்தேன்?” என்று கத்தினேன்.

கங்காணி கிட்ட வந்து குரலைத் தணித்தார். “நல்லாப் போயிச் சொல்லு. மொதல்ல கூப்பன புடுங்குவாங்க. அப்புறம் உன் மாமனார புடிப்பாங்க. தெரிஞ்சும் சொல்லாததுக்கு என்னையும் புடிப்பாங்க. சொல்றியா?”

 கூடையை மறுபடியும் தலையில் மாட்டினேன். மார் கட்டிப்போய் ஜாக்கெட் நனைந்தது. மழையில் எல்லாரும்தான் நனைந்திருந்தோம், அதனால் யாருக்கும் தெரியவில்லை.

அன்று சாயந்தரம் வீட்டில் பெரிய சண்டை. “உங்கள யாரு அவ்வளவு பொய் சொல்லச் சொன்னது?” என்று மாமனாரிடம் நேருக்கு நேராகக் கேட்டுவிட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, “நீயுந்தானே தாயி இன்னும் ஒரு மாசம்னு சொன்ன,” என்றார்.  என் வீட்டுக்காரர் வேறு, “அப்பா நல்லதுக்குத்தானே செஞ்சாரு,” என்றார். அவருக்கென்ன, மாரா கட்டியது அவருக்கு? அந்த வாரமே பிள்ளை பேரில் அரிசி வந்தது. நல்ல சோறு. நானும் தின்றேன்.

அப்போது அவள் சுவரைப் பிடித்து நிற்க ஆரம்பித்திருந்தாள். எனக்கு இருந்தது ஒரே ஆசை. அவள் முதல் அடி வைப்பதை நான் பார்க்க வேண்டும். குப்புற விழுந்ததையும் பார்க்கவில்லை, உட்கார்ந்ததையும் பார்க்கவில்லை, எல்லாம் பிள்ளைக்காம்பராவில் நடந்தது. நடப்பதையாவது என் கண்ணால் பார்த்துவிட வேண்டும். பெரிய ஆசையா அது? பெற்றவளுக்கு அதுகூடக் கிடையாதா?

சாயந்தரம் போனால் ஆயாம்மா வாசலிலேயே நின்று ஆரம்பிப்பார். “இன்னைக்கு கைய விட்டுட்டு நின்னா பாரு, மூணு எண்ணுற வரைக்கும்!” மறுநாள், “பெஞ்ச புடிச்சிக்கிட்டே அந்தக் கோடி வரைக்கும் போயிட்டா!” அவர் சந்தோஷத்தில்தான் சொன்னார். எனக்கோ ஒவ்வொன்றும் சுருக்கென்று தைத்தது. ஒரு நாள், “இன்னைக்கோ நாளைக்கோ நடந்துருவா, என் கையப் புடிச்சிக்கிட்டுத்தான்,” என்றார். அவ்வளவுதான், வெடித்துவிட்டேன்.

“எங்கிட்ட ஒண்ணும் சொல்லாதீங்க ஆயாம்மா! நீங்களே பாத்துக்குங்க, நீங்களே வச்சுக்குங்க! இனிமே எதுவும் சொன்னா நல்லாயிருக்காது.”

அவர் பிள்ளையை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார். அதற்குப் பிறகு ஒரு வார்த்தை இல்லை. போனால் பிள்ளையைத் தருவார், நான் வாங்கிக்கொண்டு வருவேன். கேட்க நாக்குத் துடிக்கும். கேட்டால் என் ரோஷம் என்ன ஆவது?

ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்துக்கிடந்தேன். அன்றைக்கு நடப்பாள் என்று நினைப்பேன். ஆறு நாள் பிரிந்திருந்த ஏக்கத்தில் காலையிலிருந்து அவளை இடுப்பில் வைத்துக்கொள்வேன். அடுப்படியிலும் இடுப்பில்தான், பீலியில் தண்ணீர் பிடிக்கும்போதும் இடுப்பில்தான், லுணுகலைக் கடைத் தெருவுக்குப் போனாலும் இடுப்பில்தான். அசந்து தூங்கினால் மடியில். சாயந்தரம் ஆனதும், “ஒரு அடி வைக்க மாட்டேங்கிறா பாருங்க, நம்மகிட்ட மட்டும் நடிக்கிறா,” என்று வீட்டுக்காரரிடம் புலம்புவேன். இப்படி நாலைந்து ஞாயிறு போயிற்று.

மாசியில் அவள் நிஜமாகப் பிறந்த நாள் வந்தது. காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டிலேயே முடிவு செய்துவிட்டேன். பத்து மணிக்குக் கூடையை இறக்கிச் செடிக்கு மேல் வைத்துவிட்டு நடையைக் கட்டினேன்.

“அரைப் பேர் போயிரும், பாதிச் சம்பளந்தான்!” என்று கங்காணி பின்னாலிருந்து கத்தினார்.

“போகட்டும்! இன்னைக்குத்தான் என் புள்ளைக்கு ஒரு வயசு!”

இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்கவில்லை, ஒரே ஓட்டம். பிள்ளைக்காம்பராவின் வாசலில் போய் நின்றபோது மூச்சு வாங்கியது. உள்ளே பார்த்தேன். என் மகள் நடந்துகொண்டிருந்தாள்.

தடுமாறியெல்லாம் நடக்கவில்லை. நடு அறையில், கையில் ஒரு தகரக் கோப்பையை வைத்துக்கொண்டு, ஆயாம்மாவிடமிருந்து சுவர்வரைக்கும் போனாள், திரும்பினாள், மறுபடி வந்தாள். பழகின நடை. எத்தனை நாளாய் நடக்கிறாளோ! 

“எப்பலேருந்து ஆயாம்மா?”

“தைப்பொங்கல் கழிஞ்சு,” என்றார் அவர். “நீதானே சொல்லாதேன்ன.”

என் குரல் கேட்டதும் பிள்ளை திரும்பினாள். என்னைப் பார்த்தாள். கோப்பையைப் போட்டாள். ஓடி வரப்போகிறாள் என்று நான் குனிந்தேன். அவள் தொப்பென்று தரையில் உட்கார்ந்து, தூக்கு என்று இரண்டு கையையும் மேலே நீட்டினாள்.

“வாடி தங்கம், நடந்து வா,” என்றேன். கையை ஆட்டி ஆட்டிச் சிணுங்கினாளே தவிர எழுந்திருக்கவில்லை.

“நீ வந்தா அது நடக்காது,” என்றார் ஆயாம்மா. குத்திச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். “நீ எங்க அத கீழ விடுற? உன்னப் பாத்தாலே அதுக்கு இடுப்பு ஞாபகந்தான்.”

எனக்குச் சுரீரென்றது. கோபம் வந்தது, அழுகையும் வந்தது. கொஞ்சம் பொறுத்து நின்றிருந்தால் நடந்து வந்திருப்பாள். பொறுக்க எனக்கு நேரமும் இல்லை, நெஞ்சும் இல்லை. அழுகிற பிள்ளையைத் தூக்கிவிட்டேன். தூக்கும்போதே தெரிந்தது, மறுபடியும் நானேதான் கெடுத்துக்கொண்டேன் என்று. பால் கொடுத்துவிட்டு மலைக்கு ஓடினேன். அரைப் பேர் போயிற்று.

அன்று சாயந்தரம் விளக்கேற்றியதும் மாமனாருக்குச் சோறு போட்டேன். கூப்பன் அரிசிச் சோறு, பருப்பு, கொஞ்சம் கீரை. அவர் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். நான் பிள்ளையை இடுப்பிலிருந்து இறக்கிக் கதவோரம் நிறுத்திவிட்டு, அடுப்புப் பக்கம் தள்ளிப் போய் நின்றேன்.

வீறிட்டாள் பாருங்கள், லயமே திரும்பிப் பார்த்திருக்கும். மாமனார் எழுந்திருக்கப் பார்த்தார்.

“தொடாதீங்க மாமா!”

அவர் பயந்துபோய் உட்கார்ந்துவிட்டார். பிள்ளை அழுதாள், உட்கார்ந்தாள், எழுந்தாள், என்னைப் பார்த்துக் கையை நீட்டினாள். நான் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். கை தானாக முன்னால் வந்துவிடுமோ என்று ஒன்றை ஒன்று இறுக்கிப் பிடித்திருந்தேன். கடைசியில் அழுகை நின்றது. மூக்கு ஒழுக அறையைச் சுற்றிப் பார்த்தாள். ஒரு அடி வைத்தாள். இன்னொரு அடி. கண்ணிமைக்காமல் பார்த்துக்கொண்டு நின்றேன். நாலு, ஐந்து. என்னிடம் வரவில்லை. நேராகத் தாத்தாவின் தட்டுக்குப் போய், சோற்றில் கையை வைத்தாள்.

எந்தச் சோற்றுக்காகப் பொய் சொல்லி என்னை அவளிடமிருந்து பிரித்தாரோ அதே சோறு. எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அழுதேன்.

மாமனார் என்னைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார். அந்த ஒரு வருஷத்தில் அவர் என்னிடம் தப்பு என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை, அன்றும் சொல்லவில்லை. பாதிச் சோற்றோடு தட்டைத் தூக்கி என் பக்கம் நீட்டினார்.

“இந்தா தாயி, நீ புடி. தூரப் போயி நில்லு,” என்றார்.

வாங்கிக்கொண்டு சுவரோரம் போய் உட்கார்ந்தேன். பிள்ளை திரும்பினாள். என்னைப் பார்த்தல்ல, தட்டைப் பார்த்துத்தான் நடந்து வந்தாள். அது எனக்கு நன்றாகத் தெரிந்தது, கோபமாகவும் இருந்தது. தட்டை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன்.