வலக்கை உறைகள்

லூயிஷாமில் பல் வைத்தியரைப் பார்த்துவிட்டு வரும் வழியில் மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்கிய, பழைய சாமான் விற்கும் சாரிட்டிக் கடைக்குள் தோலும் எண்ணெயும் கலந்த ஒரு வாசம். பழைய சப்பாத்துகளுக்கு நடுவே, பேஸ்போல் விளையாடுகிறவர்கள் பந்து பிடிக்கப் போடும் பெரிய தோல் உறை கிடந்தது. மணிக்கட்டில், ஒருகாலத்தில் நாங்கள் உறைகள் வரவழைத்த அமெரிக்கச் சிற்றூரின் பெயர். எனக்குக் கண்ணீர் வந்தது என்று நினைக்காதீர்கள். எரிச்சல்தான் வந்தது.

லண்டனுக்கு வந்த புதிதில், கிங்ஸ்பரியில் சிவா அண்ணையின் விளையாட்டுச் சாமான் கடையில் எனக்கு வேலை. பெற்றோல் செட்டில் ஷிப்ட் அடித்து அலுத்துப்போய் அவர் தொடங்கிய கடை. இந்த உறைகளை, கிரிக்கெட் விளையாடும் எங்கள் பெடியளுக்குக் கட்ச் பழக விற்பது அவர் திட்டம். கடையின் உயிரே அதில்தான் தொங்கியது.

போனில் பேசுவது என் பொறுப்பு. அந்தச் சிற்றூர்த் தொழிற்சாலையின் முதலாளி ஒரு கிழவர், வாய் ஓயாது. அவருடைய பாட்டன் குதிரைச் சேணம் தைத்தவராம். உழவு இயந்திரம் வந்து குதிரைகள் போனதும், அதே தோலில் பந்து உறை தைத்தார்களாம். உட்புறம் வெளியே தெரியத் தைத்து, சூடான இரும்பு விரல்களில் மாட்டிப் புரட்டுவார்களாம். கதை முடிந்ததும் கேட்டார், எந்தக் கைக்கு என்று.

"எங்கட பெடியள் வலக்கைக்காரர். வலக்கைக்கே அனுப்பச் சொல்லு," என்றார் அண்ணை.

உறையை வலக்கையில் போட்டால் பந்தை எந்தக் கையால் எறிவது என்று கேட்டேன். வலக்கைக்காரருக்கு உறை இடக்கையில் அல்லவா என்று கிழவரும் கேட்டார். ஊதுகிற சங்கை ஊதினோம். வெறுங்கை இரண்டாலும் பிடித்துப் பழகிய மனிதருக்கு அது ஏறவேயில்லை.

பெட்டிகள் வந்தன. பெடியள் போட்டுப் பார்த்து, பிடித்த பந்தை எறிய வழியின்றிச் சிரித்தார்கள். திருப்பி அனுப்புங்கள், மாற்றித் தருகிறேன் என்றார் கிழவர். தங்கமான மனிதர். விஷயம் அங்கே முடிந்திருக்க வேண்டும். என் கெட்ட நேரம், நானும் ஒன்றைப் போட்டு எறிந்து பார்த்தேன். நான் பிறவி இடக்கையன். பந்து பறந்தது.

"பாத்தியளே, இவன் எறியிறான். பழகினா எல்லாருக்கும் ஏலும். நான் ஒண்டும் திருப்பி அனுப்பமாட்டன்," என்றார் அண்ணை.

என்னை வலக்கையால் சாப்பிடவைக்க அம்மா பட்ட பாடு எனக்குத் தெரியும். இந்த மனிதரோ லண்டன் தமிழர் முழுப்பேரையும் இடக்கைக்கு மாற்றப் பார்த்தார்! நான் தொண்டைத்தண்ணி வற்றக் கத்தினேன். பிழை விட்டுவிட்டேன் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. பெட்டிகள் கராஜில் பூஞ்சணம் பிடித்தன. கடைசியில் ஒருநாள், "அந்தாளுக்கு ஒருக்காப் போன் எடு தம்பி," என்றார். எடுத்தேன். தொழிற்சாலையை மூடியாயிற்று என்று ஒரு பெண் சொன்னாள்.

எங்கள் கடையும் அதிக காலம் நிற்கவில்லை. அந்த இடத்தில் இப்போது புருவம் திருத்துகிறார்கள்.

உறையை வலக்கையில் மாட்டினேன். அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தியது. வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். அண்ணை கனடாவில் மகளோடு இருக்கிறார். நினைவு தப்பி, ஆட்களை மட்டுக்கட்டுவதே கஷ்டமாம். "பிழை விட்டிட்டன் தம்பி" என்று அவர் வாயால் ஒரு தரம் கேட்கத்தான் இத்தனை வருடம் பொறுத்திருந்தேன். இனி அவர் சொன்னாலும், எதைச் சொல்கிறார் என்று அவருக்கே தெரியாது.