மதியத்தில் மறையும் கடைசிப் பெயர்

புதுச்சேரியில் மதியம் கதவடைத்தால் நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். முதலியார்பேட்டையில் நான் கணினி வேலை பார்த்துக்கொண்டிருந்த ரத்தப் பரிசோதனைக் கூடமும் அப்படித்தான். உள்ளே லேப் மட்டும் காலையில் எடுத்த ரத்தத்தைச் சோதித்துக்கொண்டிருக்கும். வரவேற்பில் இருந்த பெண் வந்தவர்களைத் தன் கணினியில் பதிவுசெய்வாள். லேப்காரர் அதே பதிவைத் தன் கணினியில் பார்ப்பார். இரண்டுக்கும் பொதுவாக ஒரே அக்சஸ் டேட்டாபேஸ் ஃபைல். வேலியில் போன ஓணானை மடியில் விட்டுக்கொண்ட மாதிரி, அதைச் செய்துகொடுத்தவன் நான்.

கொஞ்ச நாளாக மதியத்தில் ஒரு பெயர் மட்டும் லேபில் தெரியவில்லை. குழாயில் ரத்தம் இருக்கும், என்ன பரிசோதனை என்ற பதிவு இருக்காது. கேட்கலாமென்றால் அவள் சாப்பிடப் போயிருப்பாள். நாலு மணிக்கு மேல் பார்த்தால் அந்தப் பெயர் சமர்த்தாக வந்து உட்கார்ந்திருக்கும்.

"அந்தப் பொண்ணு அப்ப போடாம வுட்டுட்டு சாயந்திரமா வந்து போடுது சார்" என்றார் லேப்காரர்.

"சத்தியமா அப்பவே போட்டுட்டேண்ணா" என்று அவள் அழுதாள்.

காத்திருந்த ரத்தம் கெட்டு, ஒரு கைக்குழந்தைக்கு மறுபடி ஊசி குத்த வேண்டி வந்தது. கூடத்தை நடத்தும் டாக்டர் சொல்லிவிட்டார்: இன்றைக்குள் காரணம் தெரியவில்லை என்றால், நாளை முதல் அவள் வர வேண்டாம். அரியாங்குப்பத்தில் அவள் வீட்டில் சம்பளம் வாங்குகிற ஒரே ஆள் அவள்தான். மில் மூடியதிலிருந்து அப்பாவுக்கு நிலையான வேலை இல்லை.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. லேப் கணினியில் சில பெயர்களை மறைக்கிற ஃபில்டர் ஏதாவது போட்டிருக்கிறதா? இல்லை. தெரியாமல் வேறு காப்பியைத் திறக்கிறாரா? அதுவும் இல்லை. நெட்வொர்க் வயரைப் பிடுங்கிச் செருகினேன். லேப்காரர் நிதானமாகத் தயிர்சாதம் பிசைந்துகொண்டிருந்ததைப் பார்க்கவே எரிச்சலாக வந்தது. உட்கார முடியாமல் முன்பக்கம் போனேன்.

அவள் கதவைச் சாத்திவிட்டுக் கைப்பையை எடுத்துக்கொண்டிருந்தாள். திரையில் கடைசியாக வந்த கிழவரின் பெயர். இடது ஓரத்தில் சின்னப் பென்சில் படம். பென்சில் நின்றால் பதிவு இன்னும் சேமிப்பாகவில்லை என்று பொருள். வேறு பதிவுக்கு நகரும்வரை அது அவள் திரையில் மட்டும்தான் இருக்கும்.

"ஏம்மா, இத முடிச்சதும் அடுத்ததுக்குப் போறதில்லியா?"

"ஆள் வந்தா போவேன். கதவடைக்கிறப்ப எப்டிண்ணா? அடுத்தது காலியா இல்ல நிக்கும்? காலிய வச்சிட்டுப் போனா அப்புறம் ஆள் வருவாங்களா?"

இதற்கா காலையிலிருந்து இந்த அலைச்சல் என்று எனக்குக் கோபம் தலைக்கேறியது. உள் அறையிலிருந்த டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் என்னைவிட அதிகமாகக் கத்தினார்.

"படிச்ச பொண்ணுதானே நீ? இந்தக் காலத்துல இதெல்லாமா நம்புவாங்க?"

அவளுடைய நாற்காலியில் டாக்டரே உட்கார்ந்து, அடுத்த பதிவுக்குப் போகும் அம்பை அழுத்தினார். லேப்காரர் தன் பட்டியலை மூடித் திறந்து, "வந்துடுச்சி சார்!" என்று உள்ளிருந்து குரல் கொடுத்தார்.

திரையில் இப்போது பெயரில்லாத வெறும் கட்டங்கள். டாக்டர் எழுந்து தன் அறை வாசல்வரை போனார். திரும்பி வந்தார். நின்றபடியே முந்தைய பதிவுக்கான அம்பை அழுத்தினார். கிழவரின் பெயர் மறுபடி வந்தது, பென்சில் இல்லாமல்.

"இப்டி வச்சாலும் லேப்ல தெரியுமில்ல?" என்று என்னிடம் மெல்லக் கேட்டார்.

"தெரியும் சார்."

"அப்ப இப்டியே இருக்கட்டும்" என்றவர், அவள் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்:

"நாளைக்கு நேரத்தோட வந்துடும்மா."