பட்டியலில் இல்லாத பாட்டு

காக்ஸ் டவுன் இசைத்தட்டுக் கடையில் ஒரு மழை மாலையில் அவரைப் பார்த்தேன். நரைத்த நீள முடியை ரப்பர் பேண்டால் கட்டியிருந்தார். அவர் விரல்கள் ஓயாமல் மேசையில் தாளம் தட்டின. இளமையில் ஒரே ஒரு பாட்டுக்கு அவர் டிரம்ஸ் வாசித்திருந்த ராக் குழு, தன் சிறந்த பாடல்களை ஒரே சிடியாக வெளியிட்டிருந்தது. பின்னட்டைப் பட்டியலை விரல் வைத்து இரண்டு முறை படித்தார். தாளம் நின்றது.

“என் பாட்டு இல்லியே, குரு.”

“ஹிட் ஆனதத்தானே போடுவாங்க!” என்றார் கடைக்காரர். “வேணாம்னா வெச்சிடுப்பா.”

“பில் போடு மச்சா. நான் இல்லாம எப்படி வாசிச்சிருக்கானுங்கன்னு கேக்கணும்ல?”

நானும் ஒன்று வாங்கினேன். நான்காம் பாட்டுக்கும் ஐந்தாம் பாட்டுக்கும் நடுவே நான்கு விநாடி மௌனம் இருக்கிறது. அங்கே அவர் விரல்கள் தட்டுவது எனக்கு இன்றும் கேட்கிறது.