விசில்காரரின் வெறுங்கால்

பால்காரரிடம் மற்றவர்கள், "தண்ணி ஊத்தினீங்களா?" என்று கேட்பார்கள். விசில்காரர் அப்படிக் கேட்கமாட்டார். "இன்னைக்கு எவ்வளவு ஊத்தினீங்க?" என்றுதான் கேட்பார்.

மகள் பிறந்த அன்று நர்ஸ் குழந்தையைக் கொண்டுவந்து நீட்டியபோது, அவர் முகத்தைப் பார்க்கவில்லை. காலில் கட்டியிருந்த சீட்டைத்தான் முதலில் படித்தார். சீட்டில் இருந்த எண் சரிதான் என்று தெரிந்த பிறகுதான் அழுதார். அதற்காக அவருக்கு மகள்மேல் பாசம் குறைவு என்று யாராவது சொன்னால் அது பெரும் பாவம். அவருக்குப் பாசமும் சந்தேகமும் ஒரே குழாயில் வரும் தண்ணீர். தனித்தனியாகப் பிடிக்க முடியாது.

தொழிலும் அவருக்கு அப்படித்தான் அமைந்தது. உள்விளையாட்டு அரங்கத்தில் இருபத்தாறு வருடம் கைப்பந்துக் கோட்டு நடுவர்; கழுத்தில் எப்போதும் ஒரு விசில், அதனால்தான் அந்தப் பெயர். பந்து கோட்டுக்கு உள்ளே விழுந்ததா, வெளியே விழுந்ததா என்று சொல்லும் வேலை. கண்ணை அவர் முழுக்க நம்பியதில்லை. அந்த அரங்கத்தின் தரை மரப்பலகையால் ஆனது, அடியில் வெற்றிடம், குதித்தால் சற்றே அமுங்கி எழும்பும். மெல்லிய கான்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு, பந்து விழும் அதிர்வை உள்ளங்காலால் வாங்கி அவர் தீர்ப்புச் சொல்வார்.

அரங்கத்தின் மேனேஜர் அவருடைய மனைவியின் தம்பி. ஒருநாள் அவன் வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றும் முன்பே ஆரம்பித்தான்.

"மாமா, அடுத்த மாசம் நம்ம அரங்கத்துல வீடியோ கேம் போட்டி. நாலாயிரம் பேர் வர்றாங்க."

"எதுக்கு?"

"பாக்கறதுக்கு."

"என்னத்த?"

"விளையாடறதத்தான்."

"விளையாடறவனும் நாற்காலில உக்காந்திருக்கான், பாக்கறவனும் நாற்காலில உக்காந்திருக்கான். இதுல யாரு யாரைப் பாக்கறதுடா மச்சான்?"

"நீங்க சிரிங்க. இன்னும் பத்து வருஷத்துல ஊருக்கு ஊர் இதுக்குன்னே அரங்கம் கட்டுவாங்க. குடும்பம் குடும்பமா போய்ப் பாக்கும்."

விசில்காரர் நம்பவில்லை. போட்டியன்று வாசலில் போய் நின்றார். வந்த கூட்டம் கூலிக்கு அழைத்து வந்த கூட்டம் என்பது அவர் முடிவு. சீருடையோடு ஓடிவந்த ஒரு நர்ஸை மறித்து, "உங்களை யாரும்மா கூட்டிட்டு வந்தது?" என்று கேட்டார்.

"யாரும் கூட்டிட்டு வரலைங்க. டியூட்டி முடிஞ்சு மூச்சிரைக்க ஓடி வர்றேன், ஆரம்பிச்சிடப் போறாங்க, வழிய விடுங்க!"

அவர் வழியை விட்டார். சந்தேகத்தை விடவில்லை.

உள்ளே ஆட்டம் இப்படி: அணிக்கு ஐந்து பேர். திரைக்குள் ஒரு பாழடைந்த நகரம். ஒளிந்து ஒளிந்து எதிரணியைத் தேடிப் பிடிக்க வேண்டும். ஆடுகிறவர்களுக்கு அவரவர் திரை மட்டும்தான் தெரியும். பார்க்க வந்தவர்களுக்கோ மேலே தொங்கும் பெரிய திரையில் எல்லாமே தெரியும்: யார் எந்தச் சுவருக்குப் பின்னால் பதுங்கியிருக்கிறார், யார் யாரை நெருங்குகிறார் என்பது வரை. அதனால்தான் கூட்டம் துடிக்கிறது; அதனால்தான் ஆடுகிறவர்களைக் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, கூட்டத்தின் கூச்சல் காதில் விழாதபடி ஹெட்போனும் மாட்டிவிடுகிறார்கள்.

மச்சான் அவருக்கு அங்கேயே வேலை வாங்கிக் கொடுத்தான். கண்ணாடி அறைக்குள் ஆட்டக்காரர்களுக்குப் பின்னால் நின்று கண்காணிக்கும் நடுவர் வேலை. "யாரையுமே நம்பாத ஆள் ஒருத்தர் வேணும்னாங்க, மாமா. எனக்கு வேற யாரும் ஞாபகத்துக்கே வரல" என்றான்.

விதி என்று ஒன்று இருக்கிறதே! இப்படி அவர் சந்தேகப்பட்டுக்கொண்டு நின்ற அந்த உலகத்துக்குள் அவர் பெற்ற மகளே நுழைந்தாள்.

மகளுக்கு இருபத்திரண்டு வயது. பகலில் மருந்துக்கடையில் பில் போடும் வேலை. மற்ற நேரமெல்லாம் ஆட்டம். ஆட்டத்தில் அவளுக்கு 'ஊசி' என்று பெயர். அவளுடைய அம்மா தையல்காரி; அதனால் வைத்துக்கொண்ட பெயர். ஆயிரக்கணக்கானவர்கள் "ஊசி! ஊசி!" என்று கத்தும்போது, எதிரணி அறையில் நிற்கும் விசில்காரரின் மனம் குளிரவில்லை. 'இத்தனை பேர் கத்துறாங்கன்னா உள்ள ஏதோ இருக்கு' என்றுதான் நினைத்தது.

"இது எத்தனை நாளைக்குமா?" என்று வீட்டில் கேட்டார்.

"பந்து விளையாட்டையும் முதல்ல யாரோ நாலு பேரு வேலவெட்டி இல்லாம நின்னுதான்பா பாத்திருப்பாங்க."

"வாய் மட்டும் உங்க அம்மா மாதிரி."

"கேட்டுச்சு" என்றாள் மனைவி, தையல் மெஷினை மிதித்தபடியே.

கடைசியில் மகளே ஒரு பந்தயம் வைத்தாள். இறுதி ஆட்டத்தில் அவள் அணி வென்றால் அடுத்த வருடம் பெரிய போட்டித் தொடரில் இடம். மருந்துக்கடையை விட்டுவிட்டு ஆட்டத்தையே தொழிலாக வைத்துக்கொள்வாள். தோற்றால் ஆட்டத்துக்கே முழுக்கு.

"ஜெயிச்சா என் வழி. தோத்தா உங்க வழி. சரியாப்பா?"

"பேச்சு மாறமாட்டியே?"

"நான் உங்க பொண்ணு. வேணும்னா கால்ல சீட்டு இருக்கான்னு பாத்துக்கோங்க."

இறுதி ஆட்டம் பிற்பகலில். டிக்கெட் தீர்ந்துபோய் வெளியே இன்னும் கூட்டம் நின்றது. மச்சான் ஆனந்தம் தாங்காமல், மரத்தரைமேலேயே வரிசையாக இரும்பு இருக்கைப் படிகளை இறக்கிப் போட்டான். கண்ணாடி அறைகளும் அதே தரையில்தான். மகள் அணியின் அறையில் வேறொரு நடுவர். பெற்ற அப்பா பக்கத்தில் இருக்கக்கூடாது என்று விசில்காரரை எதிரணி அறைக்கு அனுப்பியிருந்தார் தலைமை நடுவராக இருந்த பெண்மணி.

மூன்றில் இரண்டு ஆட்டம் வென்றால் கோப்பை. முதல் ஆட்டத்தில் மகள் அணி மண்ணைக் கவ்வியது. விசில்காரரின் நெஞ்சில் ஒரு பக்கம் நிம்மதி, ஒரு பக்கம் நெருஞ்சி முள்.

இரண்டாவது ஆட்டத்தில் எல்லாம் தலைகீழானது. ஊசிக்கு முதுகிலும் கண் முளைத்ததுபோல் இருந்தது. எதிரி பின்னால் நெருங்கும்போதெல்லாம் சட்டென்று திரும்பினாள். அவள் அணி வென்றது. அரங்கம் அதிர்ந்தது.

விசில்காரருக்கு மட்டும் சந்தேகம் தட்டியது. ஒரு மணி நேரத்தில் ஒருத்திக்கு எப்படி இத்தனை கூர்மை வரும்?

மூன்றாவது ஆட்டம் தொடங்கியது. அவர் மெல்ல ஷூவைக் கழற்றினார். வெறுங்காலைத் தரையில் ஊன்றினார்.

வந்தது. கூட்டத்தின் தாறுமாறான அதிர்வுக்கு நடுவே ஒற்றை மிதி. எதிரி தூரத்தில் இருந்தால் மெதுவாக. நெருங்க நெருங்க வேகமாக. பக்கத்தில் வந்ததும் சட்டென்று நிற்கிறது. அது நின்ற அதே கணம் பெரிய திரையில் ஊசி திரும்புகிறாள்!

யாரோ தரை வழியாகத் தகவல் அனுப்புகிறார்கள். தன் மகளுக்கு!

ஐயோ, அந்த ஒரு கணத்தில் அந்தத் தகப்பன் பட்ட பாட்டை எப்படிச் சொல்வேன்! விசில் கழுத்தில் தொங்கியது. ஊதினால் மகளின் வாழ்க்கை முடியும். ஏமாற்றியவள் என்ற பெயர் ஆயுசுக்கும் ஒட்டும். ஊதாவிட்டால், இருபத்தாறு வருடம் கோட்டருகே நின்ற கால்களை அவர் எங்கே கொண்டுபோய் வைப்பார்?

ஊதினார்.

ஆட்டம் நின்றது. தலைமை நடுவர் ஓடிவந்தார். மகளின் நாற்காலி, மேசை, ஷூ எல்லாவற்றையும் சோதித்தார்கள். ஒன்றும் இல்லை. கூட்டம் ஊளையிட்டது.

"தரையில எந்த அதிர்வும் இல்லையேங்க" என்றார் தலைமை நடுவர்.

"கடைசி ரெண்டு நிமிஷத்தைப் பெரிய திரையில திருப்பிப் போடுங்க" என்றார் விசில்காரர்.

போட்டார்கள். திரையில் எதிரி பதுங்கிப் பதுங்கி ஊசியை நெருங்கினான். உள்ளங்காலில் மீண்டும் வந்தது அந்த மிதி. விசில்காரர் இரும்புப் படியின் தூணைக் கையால் பிடித்தார். அதிர்வு எங்கே கூடுகிறதோ அந்தப் பக்கமாகவே வரிசை வரிசையாக நடந்தார். மூன்றாவது வரிசையில், மகளின் அறைக்கு நேர் பின்னால், ஒரு கால் செருப்பை உதறிவிட்டு, குதிகாலும் முன்பாதமும் மாறி மாறி, தையல் மெஷின் மிதிப்பதுபோல் மிதித்துக்கொண்டிருந்தது.

அவருடைய மனைவியின் கால்.

பாவம், அவள் இரண்டாவது ஆட்டத்துக்குத்தான் வந்து சேர்ந்திருக்கிறாள்! தைக்க வந்த துணியை முடித்துக் கொடுத்துவிட்டு, ஓடிவந்து உட்கார்ந்திருக்கிறாள். அவள் கண் திரையில். பதற்றம் வந்தால் கால் மிதிக்கும் என்பது அவளுக்கே தெரியாது.

வேறு யாரும் கவனிக்கவில்லை. 'ஒண்ணுமில்லை, என் பிரமை' என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போயிருக்கலாம்.

"இவங்கதான்" என்றார். "என் வீட்டுக்காரி."

"நான் என்னங்க பண்ணேன்?" என்று அவள் விழித்தாள். கால் மிதித்ததைச் சொன்னபோது வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு கண்ணீரும் கோபமுமாக எழுந்தாள். "பொண்ணு தோக்கணும்! மருந்துக்கடையிலயே கிடக்கணும்! அதானே உங்க ஆசை? அதுக்குப் பெத்தவ காலைப் பிடிச்சுக் காட்டிக்கொடுக்கறீங்களா?"

வாழ்நாள் முழுக்க ஊரைச் சந்தேகப்பட்டவரை, அன்று ஊரே சந்தேகமாகப் பார்த்தது.

தலைமை நடுவர் மகளைக் கூப்பிட்டுக் கேட்டார். "அதிர்வு தெரிஞ்சுதா உனக்கு?"

மகள் அம்மாவைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள்.

"தெரிஞ்சுது மேடம். அந்த மெஷின் பக்கத்துலதான் படுத்துத் தூங்கி வளர்ந்தேன். எனக்குத் தெரியாதா?"

"அதை வெச்சு ஆடினியா?"

"ஆடக்கூடாதுன்னுதான் நெனச்சேன். அம்மா மிதி நின்னா உடம்பு தானா திரும்பிடுது. நானே சொல்லியிருக்கணும்."

இரண்டாவது, மூன்றாவது ஆட்டங்களை ரத்து செய்து இரண்டாவதைத் திரும்ப ஆடச் சொன்னார்கள். மனைவி இரண்டு காலையும் இருக்கைமேல் தூக்கிச் சம்மணமிட்டு, புடவையால் இறுக்கிச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தாள். மகள் அணி தோற்றது.

வீட்டுக்கு வந்ததும் மகள் தன் மவுஸை வயரோடு சுருட்டி, தையல் மெஷின் டிராயரில், நூல்கண்டுகளுக்கு நடுவே வைத்து மூடினாள். "பேச்சு மாறமாட்டேன்" என்றாள். பதினோரு நாள் அந்த வீட்டில் மெஷின் மட்டும்தான் பேசியது. மிதி வேகமாகும்போதெல்லாம் விசில்காரர் எழுந்து வாசலில் போய் நின்றார்.

மச்சான் வந்தான். பேயறைந்த முகத்தோடு அல்ல, பெரிய சிரிப்போடு. "மாமா, நீங்க ஊதினதை எத்தனை லட்சம் பேரு பாத்திருக்காங்க தெரியுமா? இனிமே ஆடறவங்க தரை வேற, பாக்கறவங்க தரை வேறன்னு விதியே போட்டுட்டாங்க. நடுவுல ரப்பர். நீங்க வந்து காலை வெச்சு சரின்னாத்தான் அரங்கத்தைத் திறப்பாங்களாம்."

"ரப்பரை நான் நம்பமாட்டேன்."

"அது தெரிஞ்சுதான் கூப்பிடறாங்க!"

பன்னிரண்டாம் நாள் காலை விசில்காரர் மனைவியையும் மகளையும் அரங்கத்துக்கு அழைத்தார். "அந்த மிதி வேற யாருக்கும் வராது. அது வருதா இல்லையான்னு வேற யாருக்கும் தெரியாது. ரெண்டு பேரும் வரணும்."

காலி அரங்கம். மனைவி மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தாள். முகம் மட்டும் வேறு திசையில். மகள் கண்ணாடி அறைக்குள் போனாள். மேசைமேல் அவளுடைய மவுஸ் இருந்தது. வயரில் நீல நூல் ஒன்று ஒட்டியிருந்தது.

"இது எப்படிப்பா இங்க?"

விசில்காரர் ஷூவைக் கழற்றிக்கொண்டே பேசினார். தலை நிமிரவில்லை. "எங்க கைப்பந்துல ஒரு விதி உண்டு. பந்து உள்ளயா வெளியயான்னு தீர்ப்பு சொல்ல முடியலன்னா அந்தப் பாயிண்ட் யாருக்கும் கிடையாது. திருப்பி ஆடணும்."

"திருப்பி ஆடித்தானே தோத்தோம்."

"அது கோப்பைக்கு. நம்ம பந்தயத்துக்கு இல்ல. அன்னைக்கு நான் நடுவராவும் நின்னேன், நீ தோத்தா நல்லதுன்னு நெனச்ச அப்பனாவும் நின்னேன். எதுக்காக ஊதினேன்னு எனக்கே இப்ப சந்தேகமா இருக்கு. சந்தேகமுள்ள பந்தயம் செல்லாது."

மகள் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். கண் நனைந்திருந்தது.

"மிதி!" என்று அவர் மனைவிக்குக் கை காட்டினார்.

அவள் மிதித்தாள். பன்னிரண்டு நாள் கோபத்தையும் சேர்த்து மிதித்தாள். இரும்புப் படி கிடுகிடுத்தது. அவர் வெறுங்காலுக்கு எதுவும் வரவில்லை.

"இன்னும் நல்லா மிதி!"

"காலு ஒடிஞ்சா நீங்களா தைப்பீங்க?" கத்தினாலும் மிதித்தாள்.

வரவில்லை. விசில்காரர் மகளின் தோளைத் தட்டினார். ஹெட்போனை அவள் ஒரு காதிலிருந்து விலக்கினாள்.

"உனக்கு வருதா?"

"வரலப்பா."

அவர் குனிந்து மகளின் முகத்தை வெகுநேரம் பார்த்தார். அது பொய் சொல்லாத முகம். ஆனாலும்...

"இன்னொரு தடவை பாத்துடலாம்" என்று சொல்லிவிட்டு, மறுபடியும் கையை உயர்த்தினார்.