தனகல், கொழுவல், கோவம்

ஹரோவில் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி முடிந்து வரும்போது, ரயிலில் மகள் வீட்டுப்பாடத்தை என் மடியில் போட்டாள். வாக்குவாதம், சச்சரவு, பிணக்கு: மூன்றையும் தனித்தனி வாக்கியத்தில் எழுத வேண்டுமாம்.

"எல்லாம் சேம் தானே, அப்பா?"

இல்லை என்று தலையாட்டிவிட்டுத் தாளை மடித்து வைத்தேன். உங்களுக்குச் சொல்கிறேன்.

இந்த நாட்டுக்கு வந்த புதிதில், வால்தம்ஸ்டோவில், ஒரு சலவைக்கடைக்கு மேலே, அண்ணையும் நானும் ஒரே அறையில் இருந்தோம். சோப்பு வாசம் தரை வழியே ஏறிவந்து எங்கள் சோற்றிலும் மணக்கும். மன்னாரிலிருந்து நாங்கள் சேதமில்லாமல் கொண்டுவந்து சேர்த்தவை சண்டைச் சொற்கள் மட்டும்தான். காலையில் அண்ணை தொடங்குவது தனகல்.

"தம்பி, தேங்காய்ப்பால் கொதிச்சு உன்ர சொதி திரைஞ்சு போச்சு. கீழ மெசினுக்க இருந்து அள்ளினனியோ?"

தனகலுக்குள் சிரிப்பு இருக்கும். "அப்ப நீங்களே சமையுங்கோ, பெரிய சமையல்காரர்!" என்று நான் குரலை உயர்த்தினால் அது கொழுவல், கதவு அடிபடும், ஆனால் எங்கள் கதைபேச்சு நிற்காது. கதை நின்றால்தான் கோவம்.

கோவத்துக்கு எங்கள் அறையில் ஒரு சட்டம் இருந்தது. பிழை யாருடையதோ அவன் சமைக்க வேண்டும். சமைத்துவிட்டு, வாய் திறக்காமல், அகப்பையால் சட்டியில் இரண்டு தட்டு. மற்றவன் சாப்பாட்டுப் பீங்கானோடு வந்து குந்துவான். அவ்வளவுதான். மன்னிப்பு என்ற சொல்லை நாங்கள் ஒருநாளும் செலவழித்ததில்லை.

ஊரில் இறந்துபோன அம்மாவின் முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து, இங்கே கோயில் மண்டபத்தில், எல்லோர் முன்னாலும் நான் கேட்டேன்: "எனக்குத்தான் விசா இல்லை. உங்களுக்கு இருந்ததுதானே? ஒருக்காப் போய் அவவைப் பார்த்திருக்கலாமே?"

அண்ணை தேநீரை வைத்துவிட்டு எழுந்து போனார். மோர்டனுக்கு வீடு மாறினார். கல்யாணம் கட்டினார். நான் போகவில்லை. இது கோவமில்லை, உறவையே அறுத்துவிட்டுப் போய்விட்டார் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பது எனக்கு வசதியாகவும் இருந்தது. பதினொரு வருடம்.

போன மாரிகாலத்தில், அண்ணையின் செத்தவீட்டில்தான் அண்ணியோடு முதன்முதலாகக் கதைத்தேன்.

"தம்பியோட என்ன பிரச்சினை எண்டு கேட்டால், 'சும்மா கோவம்தான், அவன் சமைப்பான்' எண்டுவார். எனக்கு விளங்கவேயில்லை."

எனக்கு விளங்கியது.

சலவைக்கடை இருந்த இடத்தில் இப்போது கோப்பி விற்கிறார்கள். இன்று வீட்டுக்கு வந்ததும் சொதி வைத்தேன். அகப்பையால் சட்டியில் இரண்டு தட்டினேன்.

"என்னப்பா சத்தம்?" என்று மேலேயிருந்து மகள் கேட்டாள்.

சொதி திரைந்துதான் இருந்தது. சொல்ல ஆளில்லை.