சாவு கேட்டு ஒரு ஜெபக் குறிப்பு

எங்கள் தாம்பரம் சபையில் வாசலருகே ஒரு பெட்டி உண்டு. ஜெபம் வேண்டுகிறவர்கள் அதில் சீட்டெழுதிப் போட்டால், போதகர் ஆராதனையில் சத்தமாக வாசிப்பார். ஆறு மாதமாக என் கணவர் எழுதிப் போட்டது, "ரத்தசோகையால் அவதிப்படும் என் மனைவிக்காக." ரத்தசோகையாம், மண்ணாங்கட்டி. எனக்கு இருப்பது ரத்தப் புற்றுநோய். மகளுக்குப் பேசிக்கொண்டிருந்த மாப்பிள்ளை வீட்டார் கீழ்க்கட்டளையிலிருந்து இதே சபைக்குத்தான் வருவார்கள், மூன்றாவது பெஞ்சு. தெரிந்தால் சம்பந்தம் போய்விடும் என்று வீட்டில் பயம். முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுத்த நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். வெட்கக்கேடு.

அப்படியிருக்க, ஒரு வாரம் மருத்துவமனையில் ஓர் ஆராய்ச்சி மாணவி என்னிடம் ஒரு குழாய் ரத்தம் கேட்டாள். எதற்கு என்றேன். கெட்டுப்போன செல் தானாகச் செத்துவிட வேண்டும். என் செல்களில் ஒரு புரதம் அதைச் சாகவிடாமல் தடுக்கிறது. அந்தப் புரதத்தை அடக்கிவைக்கும் மைக்ரோ ஆர்.என்.ஏ. என்ற பொடி மூலக்கூறு என்னிடம் குறைந்துபோயிருக்கலாம் என்று விளக்கினாள். அதைத் திரும்பக் கொடுத்தால் செல்கள் சாகின்றனவா என்று ஆய்வகத்தில் பார்ப்பார்களாம்.

"இதனால உங்களுக்கு நேரடியா பலன் இருக்காது ஆன்ட்டி," என்றாள்.

மறைக்காமல் சொன்னாளே, அதுவே எனக்குப் பிடித்துவிட்டது. கணவர் யோசித்துச் சொல்கிறோம் என்று இழுத்தார். படிவத்தில் நோயின் பெயர் பளிச்சென்று இருந்தது. அதன் கீழே கையெழுத்துப் போட்டுக் கையை நீட்டினேன். முடிச்சூர் வீடு வரும்வரை அவர் வண்டியை விரட்டினார். நான் சமாதானம் பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சீட்டை நானே எழுதினேன். போதகர் பிரித்தார், தயங்கினார், என்னைப் பார்த்தார். எழுந்து நின்றேன்.

"படிங்க ஐயா," என்றேன்.

வாசித்தார். "எனக்கு ரத்தப் புற்றுநோய். என் ரத்தத்தில் சாக மறுக்கும் செல்கள் அத்தனையும் சாக வேண்டுமென்று ஜெபியுங்கள்."

சாவு கேட்கும் ஜெபத்துக்கு யார் ஆமென் சொல்வார்கள்? கணவர் குனிந்து பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினார். நான் உட்காரவில்லை.

"ஆமென்."

பக்கத்தில் என் மகள் எழுந்து நின்றிருந்தாள். ஆறு மாதமாக அவளும் வாயைத் திறக்காதவள்தான். மூன்றாவது பெஞ்சில் மாப்பிள்ளையின் அம்மா திரும்பி, எங்கள் இருவரையும் ஏற இறங்கப் பார்த்தார். பார்க்கட்டும் என்று நின்றோம்.